ஒரு கடவத்தில் நான்கு காளான்: குலசேகரம் பக்கத்துப் புற்றுக்கூண்களுக்கு இனப்பெயர் கண்ட விவரம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கே, குலசேகரத்தை அடுத்த ஒரு ரப்பர் விளையில், ஜூன் மாத மழைக்குப் பின் ஒரே காலையில் பறித்த காளான்களைப் பற்றியது இந்த ஆய்வு. பறித்த எல்லாம் ஒரு பனையோலைக் கடவத்தில் கலந்து கிடந்தன. வீட்டில் உள்ளவர்கள் அவற்றைச் சின்னக் கூண், பெரிய கூண் என்று இரண்டாகத்தான் பிரித்திருந்தார்கள் (காளானுக்கு இந்தப் பக்கத்துப் பெயர் கூண்). ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது நான்கு வகை தெரிந்தது. மூன்று ஒரே பேரினம்: கறையான் புற்றோடு சேர்ந்தே வாழும் டெர்மிட்டோமைசஸ். நான்காவதுக்கும் அந்தப் பேரினத்துக்கும் எந்த உறவும் இல்லை. தின்றால் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும் காளான் அது.

நான்கையும் எப்படிப் பிரித்தோம், மூன்று புற்றுக்கூண்களுக்கும் எவ்வளவு உறுதியோடு பெயர் எழுத முடிந்தது, எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டோம் என்பதை முழுதாக எழுதி வைக்கிறேன். மழைக்காலம் வந்தால் இந்தப் பக்கத்து நண்பர்கள் பலர் கைப்பேசியில் குடையை மட்டும் படமெடுத்து அனுப்பி, ‘இது என்ன இனம்?’ என்று கேட்கிறார்கள். புற்றுக்கூணைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குக் குடையில் பதில் இல்லை. பாதிப் பதில் மண்ணுக்குள் இருக்கிறது. இந்த நிகழ்வு அதை நன்றாகக் காட்டுவதால்தான் தேர்ந்தெடுத்தேன்.

இடம்

பேச்சிப்பாறை, திற்பரப்பு, அருமனை வட்டாரமெல்லாம் மலையடிவாரச் சரிவு. செம்மண்ணும் சரளைக்கல்லும் கலந்த நிலம், மேலே ரப்பர், நடுநடுவே மரச்சீனியும் வாழையும் நல்லமிளகுக் கொடியும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கும் மாவட்டம் என்பதால் காளானுக்கு வருடத்தில் இரண்டு வாய்ப்பு உண்டு. ரப்பர் மரத்தடியில் சருகு எப்போதும் கிடக்கும். பழைய வேரும் கட்டையும் மண்ணுக்குள் மக்கிக்கொண்டிருக்கும். கறையானுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இங்குள்ள புற்றுகளில் பெரும்பாலானவை வெளியே உயர்ந்து நிற்பதில்லை, தரைக்குள்ளேயே இருக்கும். காளான் முளைத்தால்தான் கீழே கூடு இருப்பதே தெரியும்.

கடவத்தில் இருந்தவை

வசதிக்காக அ, ஆ, இ, ஈ என்று குறிக்கிறேன்.

அ என்பது சின்னக் கூண். குடை ஒன்று முதல் இரண்டு செ.மீ. அகலம், வெள்ளை, நடுவில் மட்டும் சற்றுப் பழுப்புக் கூர். நடைபாதை ஓரத்தில், கறையான் வெளியே தள்ளிய தூள்மண்ணின்மேல் நூற்றுக்கணக்கில் நெருங்கி நின்றன. காம்பு மெல்லியது. பிடித்து இழுத்தால் முழுதாக வந்துவிடும், கீழே வேர் போல எதுவும் தொடராது.

ஆ பெரியது. குடை 7 முதல் 11 செ.மீ., வெள்ளை, நடுமேடு சாம்பல் கலந்த பழுப்பு. காம்பின் மேற்பகுதியில் கனத்த வளையம் நிலையாக ஒட்டியிருந்தது. எல்லாம் தரைமட்டத்தில் ஒடித்தவை.

இ நடுத்தரம். குடை 5 முதல் 7 செ.மீ., சாம்பல் பழுப்பு, உச்சி ஆணி முனையாகக் கூர்ந்திருந்தது. வளையம் இல்லை. இதுவும் ஒடித்ததுதான். வீட்டார் இதை ஆ-வின் இளம் பருவம் என்று நினைத்து அதோடு சேர்த்திருந்தார்கள்.

ஈ தொழுவத்தின் பின்னால், சாணக் குப்பையை ஒட்டிய புல்லில் நின்றது. கடவத்தில் இதுதான் ஆகப் பெரியது. குடை 15 செ.மீ. வரை விரிந்திருந்தது. வெள்ளைக் குடையின்மேல் பழுப்புச் செதில்கள், உச்சியில் திட்டாகவும் ஓரம் போகப்போகச் சிதறியும் இருந்தன. காம்பில் வளையம் உண்டு, ஆனால் விரலால் தள்ளினால் மேலும் கீழும் நகர்ந்தது. அடி கிழங்காகத் தடித்திருந்தது.

கடவத்தை வைத்துக்கொண்டிருந்த மாமி கேட்டது ஒரே கேள்வி: “மக்களே, தொழுவத்துக்குப் பின்னால நின்னதையும் இதோட சேத்துப் போடலாமா?” அந்தச் சந்தேகம் அவருக்கு வந்ததே பெரிய விஷயம். புற்றுக்கூண் புற்றில்தான் வரும் என்ற நினைப்பு அவருக்கு உறுதியாக இருந்தது. இடம் மாறியதும் கை தயங்கிவிட்டது. நான்கையும் தனித்தனியாகப் பிரித்து, அன்றைக்குச் சமையலை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

முதலில் பேரினம்

இனப்பெயரைத் தேடுவதற்கு முன் பேரினம் சரிதானா என்று பார்க்க வேண்டும். இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஸ்போர் பதிவு, அதாவது காளான் உதிர்க்கும் நுண்வித்துத் தூளைத் தாளில் பிடித்து நிறம் பார்ப்பது. காம்பை வெட்டிவிட்டு, செவுள் (குடையின் அடியில் உள்ள மடிப்புகள்) கீழ்நோக்கி இருக்கும்படி குடையைத் தாளில் வைத்து, மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, இரவு முழுக்க விட வேண்டும். தாளில் பாதி வெள்ளை, பாதி கறுப்பு இருப்பது நல்லது. வெள்ளை ஸ்போர் வெள்ளைத் தாளில் கண்ணுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாளைக்குள் செவுளில் புழு வைத்துவிடும்.

காலையில் அ, ஆ, இ மூன்றும் மங்கலான இளஞ்சிவப்புத் தூளை இறக்கியிருந்தன. ஈ இறக்கியது பச்சை. தெளிவான, அழுக்கேறிய ஆலிவ் பச்சை. அதோடு ஈ-யின் கேள்வி முடிந்தது. செவுள் உள்ள காளான்களில் பச்சை ஸ்போர் பதிவு தருபவை மிகக் குறைவு. இந்தத் தோற்றத்தோடு, புல்லும் சாணமும் உள்ள இடத்தில், வெப்பநாடுகளில் பரவலாக வருவது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டஸ். இளம் பருவத்தில் இதன் செவுளும் தூய வெள்ளைதான்; முதிர்ந்த பிறகே பச்சை ஏறும். படத்தில் செவுள் வெள்ளை என்று பார்த்து ஏமாறுவது இதனால்தான். தின்ற அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் கடுமையான வயிற்றுப்போக்கும் வரும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடலில் நீர் வற்றிப்போவது பெரிய ஆபத்து.

குளோரோஃபில்லம் பேரினத்தை 1898-இல் ஜார்ஜ் மாஸி அமைத்தபோது, தென்னமெரிக்கப் பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த காளானைத்தான் அதன் மாதிரி இனமாக வைத்தார். உண்ணத் தக்கது என்று பொருள்படும் ‘எஸ்குலெண்டம்’ என்ற அடைமொழியையும் கொடுத்தார். அது இன்று மோலிப்டைட்டஸ் என்றே அறியப்படுகிறது. அறிவியல் பெயரில் உள்ள ஒரு சொல்லைப் பார்த்து எதையும் வாயில் போட முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது.

வெள்ளி நாணயம் கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்றெல்லாம் இன்னும் சொல்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை. ஈரலைக் கெடுக்கும் கொடிய அமனிட்டா இனங்கள் இந்தச் சோதனைகள் அத்தனையிலும் ‘நல்லது’ என்றே தேறும். அவற்றின் அறிகுறி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் எதைத் தின்று வந்தது என்பதுகூட மறந்துவிடும். காளான் தின்ற பின் வயிறு கலங்கினால், மிச்சக் காளானையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இளஞ்சிவப்பு ஸ்போர் என்பதால் மட்டும் அ, ஆ, இ புற்றுக்கூண் ஆகிவிடாது. வைக்கோல் காளான் சேர்ந்த வால்வரியெல்லாவுக்கும் இளஞ்சிவப்பு ஸ்போரும் காம்பைத் தொடாத செவுளும் உண்டு. ஆனால் அதன் அடியில் கிண்ணம் போன்ற உறை இருக்கும். என்டோலோமாவின் ஸ்போரும் இளஞ்சிவப்பே. நுண்ணோக்கியில் அது மூலைமூலையாகத் தெரியும், அந்தப் பேரினத்தில் நச்சு இனங்களும் உண்டு. நம் மாதிரிகளில் உறை இல்லை. ஸ்போர் வழவழப்பான நீள்வட்டம், மூலை கிடையாது. மெல்சர் என்ற அயோடின் கரைசலில் நிறமும் மாறவில்லை. ஈ-யின் ஸ்போர் அதே கரைசலில் செம்பழுப்பானது. தடித்த சுவரும், நுனியில் வெட்டிவிட்டது போன்ற முளைத்துளையும் தெரிந்தன.

இத்தனைக்குப் பிறகும் டெர்மிட்டோமைசஸ் என்று முத்திரை குத்த ஒரு சான்று பாக்கி இருந்தது: அது கறையான் தன் கூட்டுக்குள் பூஞ்சை வளர்க்கும் தோட்டத்திலிருந்துதான் வருகிறதா?

மண்ணுக்குள் இருக்கும் பாதி

இங்கே ஒரு சிக்கல் வந்தது. புற்றுக்கூணைத் தோண்டிப் பறிப்பது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. “வேரோட பிடுங்கினா அடுத்த வருசம் அந்த எடத்துல வராது” என்று மாமி தீர்மானமாகச் சொன்னார். நான் அதை மூடநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டைக் கலைத்தால் கறையான் இடம் மாறலாம், அல்லது கூடே அழியலாம். அப்புறம் அங்கே காளானுக்கு வேலையில்லை. முதிர்ந்த சில குடைகளை விட்டுவிட்டுப் பறிக்கும் பழக்கத்துக்கும் நல்ல காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் அதிகமாகக் காணப்படும் ஓடோன்டோடெர்மஸ் கறையான்கள், புதுக் கூடு தொடங்கும்போது பூஞ்சையைத் தாய்க் கூட்டிலிருந்து கையோடு கொண்டுவருவதில்லை. புதுக்கூட்டின் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே சென்று, விழுந்து கிடக்கும் ஸ்போர்களை இரையோடு சேர்த்து எடுத்து வருகின்றன. எல்லாக் குடைகளையும் மொட்டிலேயே பறித்துவிட்டால் அந்த ஸ்போர் மண்ணுக்கு வராது.

எனவே ஆ-விலும் இ-யிலும் ஒவ்வொரு தண்டை மட்டும் தோண்டுவது, கூட்டின் நடுவைத் தொடுவதில்லை, மண்ணைத் திரும்ப மூடிவிடுவது என்று பேசி முடிவு செய்தோம். நேராக மம்பட்டி போட்டால் பொய்வேர், அதாவது காம்பின் தொடர்ச்சியாக வேர் போல மண்ணுக்குள் இறங்கும் பகுதி, அறுந்துபோகும். காளானிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் குழி எடுத்து, அங்கிருந்து தண்டை நோக்கி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்து, கடைசியில் தென்னை ஈர்க்கால் கிளறி வேரை வெளியே எடுத்தோம். சரளை மண்ணில் பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனால் இந்த ஆய்வில் கிடைத்த தெளிவில் பெரும்பங்கு இந்தக் குழியிலிருந்தே வந்தது.

ஆ-வின் பொய்வேர் 40 செ.மீ.க்கு மேல் நீண்டது. மேலே தடித்து, கீழே போகப்போக மெலிந்து, முழுக்க வெண்மையாகவே இருந்தது. கறையான் தோட்டத்தில் போய் முடிந்தது. தோட்டம் என்பது மென்று கழித்த மரத்தூளால் கறையான் கட்டிய, மடிப்பு மடிப்பான பழுப்பு நிறத் தொகுதி. அதன் பரப்பெங்கும் சவ்வரிசி போல வெள்ளை முடிச்சுகள். கறையான் தின்பது இந்த முடிச்சுகளைத்தான். இவற்றைத் தின்னும்போது உள்ளிருக்கும் பூஞ்சை வித்துகள் குடலைக் கடந்து புதுத் தோட்டத்தில் விதைக்கப்படுகின்றன. மழைக்காலத்தில் அதே பூஞ்சைதான் பொய்வேராக மேலே எழும்பி, மண்ணைத் துளைத்து, குடையாக விரிகிறது. குடையின் நடுவில் இருக்கும் கடினமான மேடு மண்ணைத் துளைக்கும் உறுப்பு.

இ-யின் பொய்வேர் வேறு மாதிரி. மெல்லியது, 20 செ.மீ. அளவில் முடிந்தது, முடிந்த இடம் ஆ-வின் தோட்டத்திலிருந்து தள்ளி இருந்த இன்னொரு தோட்டம். இந்த ஒரு செய்தி வீட்டாரின் எண்ணத்துக்கு நேரடியான விடை. ஒரு கறையான் கூடு பொதுவாக ஒரே ஒரு பூஞ்சை வகையைத்தான் வளர்க்கிறது என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்டது. இ என்பது ஆ-வின் குட்டியாக இருந்தால் இரண்டு வயதும் ஒரே கூட்டின்மேல் கலந்து நின்றிருக்க வேண்டும். அப்படி நிற்கவில்லை. இ-யின் முழுதாக விரிந்த குடைகூட வளையமில்லாமல், கூர் உச்சியோடுதான் இருந்தது.

குழியின் ஓரத்தில் காய்ந்த பழைய தோட்டத்துண்டு ஒன்றும் கிடைத்தது. அதன்மேல் கறுத்த விரல்களாகச் சைலேரியா எழுந்திருந்தது. கறையான் கைவிட்ட தோட்டத்தில் வரும் பூஞ்சை அது. கறையான் இருக்கும்வரை அதைத் தலைதூக்க விடாது. கூடு உயிரோடு இருக்கிறதா என்பதை அறியவும் இது உதவும்.

தோட்டத்தருகே திரிந்த போர்வீரர் கறையான்கள் சிலவற்றைச் சாராயத்தில் போட்டு வைத்தோம். கறையானின் பேரினம் கண்டுபிடிக்க வேலைக்காரக் கறையான் உதவாது, பெரிய தலையுள்ள போர்வீரர்தான் வேண்டும். இடது தாடையில் தெளிவான ஒரு பல் இருந்தது, ஓடோன்டோடெர்மஸுக்கு உரிய அடையாளம். ஆனால் கறையானின் பெயரை வைத்துக் காளானின் பெயரை எழுதிவிட முடியாது. ஒரே காளான் இனத்தைப் பல கறையான்கள் வளர்க்கும். இரண்டுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கு இல்லை.

அ-வுக்குத் தோண்டவே தேவை வரவில்லை. மற்ற புற்றுக்கூண்கள் ஆழத்துத் தோட்டத்திலிருந்து எழும்பி வரும். இந்தச் சின்ன இனமோ, கறையான்கள் பழைய தோட்டத்தை நொறுக்கி வெளியே கொண்டுவந்து பரப்பும் தூளில் முளைக்கிறது. நீண்ட பொய்வேர் இல்லாததற்குக் காரணம் இதுதான். அது நின்ற தூள்மண்ணை உள்ளங்கையில் வைத்து லென்ஸில் பார்த்தபோது பழுப்புத் தோட்டத்துகள்கள் தெரிந்தன.

பெயர்கள் வந்த வழி

கறையான் கூட்டுக்குள் பூஞ்சை இருப்பதை முதலில் எழுதியவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டில்தான் இருந்தார். தரங்கம்பாடி மிஷன் மருத்துவர், லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். அவருடைய கறையான் கட்டுரை 1779-இல் வெளிவந்தது. பின்னர் இலங்கையிலிருந்து உலர்ந்த மாதிரிகள் இங்கிலாந்துக்குப் போயின. அங்கே மைல்ஸ் பெர்க்லி 1847-இல் ஒன்றுக்கு அகாரிகஸ் யூரைசஸ் என்றும், 1871-இல் ப்ரூம் என்ற இன்னொரு பூஞ்சை ஆய்வாளரோடு சேர்ந்து சின்ன இனத்துக்கு அகாரிகஸ் மைக்ரோகார்பஸ் என்றும் பெயரிட்டார். பேராதெனியத் தாவரத் தோட்டத்தில் இருந்த டாம் பெட்ச் 1906-இல் கறையான் கூட்டுப் பூஞ்சைகளை உயிரோடு பார்த்து விரிவாக எழுதினார். பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம் 1942-இல் இவற்றையெல்லாம் டெர்மிட்டோமைசஸ் என்ற ஒரே பேரினத்தில் சேர்த்தார். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் தென்னிந்தியாவிலிருந்து புது இனம் ஒன்றை விவரித்து, ஹெய்மின் நினைவாக டெர்மிட்டோமைசஸ் ஹெய்மியை என்று பெயர் வைத்தார்.

இந்த வரலாற்றை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இனம் பிரிக்கப் பயன்படுத்தும் அடையாளங்கள் ஒவ்வொரு காலத்திலும் மாறியிருக்கின்றன. இளஞ்சிவப்பு ஸ்போரை நம்பிய காலத்தில் இந்தப் பேரினத்தை வேறு குடும்பங்களில் வைத்தார்கள், டி.என்.ஏ. வந்தபின் லையோஃபில்லேசி குடும்பத்துக்குள் வந்து நின்றது. மைக்ரோகார்பஸுக்குப் பொய்வேர் இல்லையே என்று ரோல்ஃப் சிங்கர் 1945-இல் போடப்ரெல்லா என்று தனிப் பேரினமே அமைத்தார். அது இப்போது மீண்டும் டெர்மிட்டோமைசஸுக்குள் வந்துவிட்டது. சீனாவில் 1981-இல் அமைத்த சைனோடெர்மிட்டோமைசஸுக்கும் அதே முடிவு. ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் ஒரு மீட்டர் வரை அகலமாகக் குடை விரிக்கும் டைட்டானிகஸ் என்ற இனமும், நம் நடைபாதை ஓரத்துச் சின்னக் கூணும் ஒரே பேரினம் என்றால், அளவை வைத்து இதில் எதையும் பிரிக்க முடியாது என்று புரியும்.

மேசையில் பார்த்தவை

நுண்ணோக்கி பேரினத்துக்கு உறுதி கொடுத்தது. இனத்துக்கு அதிகம் உதவவில்லை. ஆ, இ இரண்டின் ஸ்போரும் ஏறத்தாழ 6.5 முதல் 8 மைக்ரோமீட்டர் நீளம், 4 முதல் 5 மைக்ரோமீட்டர் அகலம். அ-வின் ஸ்போர் சற்றே ஒடுங்கல். இந்தப் பேரினத்தில் பெரும்பாலான இனங்களின் ஸ்போர் அளவு ஒன்றின்மேல் ஒன்று விழும். செவுள் ஓரத்தில் குமிழ் போன்ற செல்கள் மூன்றிலும் இருந்தன. காங்கோ சிவப்பு என்ற சாயத்தில் நிறமேற்றிப் பார்த்தால் அழகாகத் தெரியும், ஆனால் அவற்றாலும் இனத்தைத் தீர்மானிக்க முடியவில்லை.

தீர்மானித்தவை உச்சியின் வடிவம், வளையம், பொய்வேர் ஆகிய மூன்றும்தான். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வளையத்தை மட்டும் நம்பினால், இளமையில் இருந்து பின்னர் உதிர்ந்துவிடும் இனங்கள் குழப்பும். மழை அடித்த குடையில் உச்சியின் நிறம் கழுவப்பட்டுவிடும். பொய்வேர் மட்டும் அப்படி மாறுவதில்லை. மண்ணுக்குள் இருந்ததால் வெயிலும் மழையும் அதைத் தொடவில்லை.

இ-யில் முள்ளாகக் கூர்ந்த உச்சி, வளையமின்மை, மெல்லிய வெண் பொய்வேர் மூன்றும் ஒத்துப்போகின்றன. ஹெய்ம் 1951-இல் விவரித்த க்ளிப்பியாட்டஸ் இதற்குச் சரியாக வருகிறது.

ஆ-வில்தான் கவனம் வேண்டியிருந்தது. இந்த அளவுள்ள எந்தப் புற்றுக்கூணையும் யூரைசஸ் என்று எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. யூரைசஸின் விவரிப்பில் பொய்வேர் கருத்த தோல் போர்த்தியதாக வரும், குடையும் கருமை கலந்த பழுப்பு. நம் ஆ-வின் பொய்வேர் தொடக்கம் முதல் தோட்டம் வரை வெள்ளை, காம்பில் கனத்த நிலையான வளையம், குடையும் வெண்மை. இவை நடராஜனின் ஹெய்மியையை நோக்கிக் கை காட்டுகின்றன. தரைமட்டத்தில் ஒடித்த காளான் மட்டும் கையில் இருந்திருந்தால் இந்தப் பிரிவினைக்கு அடிப்படையே கிடைத்திராது.

டி.என்.ஏ. பற்றி

பூஞ்சைகளுக்குப் பொதுவான அடையாளப் பகுதியாக ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. துண்டு 2012-இல் ஏற்கப்பட்டது. இதைப் படித்துப் பொதுத் தரவகத்தில் ஒப்பிட்டால் பெயர் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். புற்றுக்கூணில் இதை அப்படியே ஏற்க நான் தயாராயில்லை. தரவகத்தில் உள்ள வரிசைக்குப் பெயர் போட்டவரும் ஒரு காலத்தில் குடையைப் பார்த்துத்தான் போட்டிருப்பார். ஹெய்மியை, யூரைசஸ் என்ற பெயர்களில் கிடக்கும் வரிசைகள் ஒரே கிளையில் ஒழுங்காகச் சேர்வதில்லை. முதல் விவரிப்புக்கு அடிப்படையான மாதிரியோடோ, அதே வட்டாரத்திலிருந்து முழு விவரத்துடன் எடுத்த மாதிரியோடோ ஒப்பிட்டால்தான் பெயர் நிற்கும். வரிசை என்பது மாதிரியின் துணைச் சான்று. மாதிரி குறைபட்டால் வரிசையாலும் பயன் குறைவு.

அதற்காக ஒவ்வொன்றிலும் குடையின் உள்சதையில் சிறு துண்டு எடுத்துச் சிலிக்கா மணிகளோடு மூடி வைத்தோம். மிச்சத்தை உலர்த்துவதில் இந்த ஊருக்கே உரிய சிரமம் ஒன்று உண்டு. ஜூன் மழையில் வெயிலை நம்ப முடியாது. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை அறையில் போடலாம் என்று வீட்டார் சொன்னார்கள். சூடு போதும், ஆனால் புகைக்கறை காளானின் நிறத்தைக் கெடுத்துவிடும். அட்டைப் பெட்டிக்குள் குண்டு பல்பைப் போட்டு, மேலே வலைத்தட்டில் பரப்பி, கைபொறுக்கும் சூட்டில் உலர்த்தினோம். நொறுங்கும் பதம் வந்ததும் காற்றுப்புகாத உறைக்குள் போயிற்று. நிறம், மணம், வளையத்தின் நிலை, பொய்வேரின் நீளம் ஆகியவற்றைப் பச்சையாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். உலர்ந்தபின் இவை மாதிரியில் மிஞ்சாது.

வேர் இருந்தாலே புற்றுக்கூண் ஆகிவிடாது

பொய்வேரை இவ்வளவு அழுத்திச் சொன்னதால் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ரப்பர் விளையில் நீண்ட வேரோடு வரும் வேறொரு காளானும் உண்டு, ஹைமனோபெல்லிஸ் வகை. முன்பு ஔடெமன்சியெல்லா என்ற பெயரில் இருந்தது. குடை பழுப்பு, தண்டு நெட்டை, கீழே நீண்ட வேர். பார்த்தவுடன் புற்றுக்கூண் என்று தோன்றும். ஆனால் அதன் வேர் போய் முடிவது புதைந்து மக்கும் மரத்துண்டில். செவுள் காம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஸ்போர் பதிவு வெள்ளை, ஸ்போரின் அளவும் புற்றுக்கூணைவிடப் பெரியது. எனவே வேர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், அது எதில் போய் முடிகிறது என்று கடைசிவரை பார்க்க வேண்டும். பாதியில் அறுந்த வேர் இந்தக் கேள்விக்கு விடை தராது.

உறைகளில் எழுதியது

அ: டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்பஸ். தயக்கமின்றி எழுதினோம்.

இ: டெர்மிட்டோமைசஸ் க்ளிப்பியாட்டஸ். அடையாளங்கள் மூன்றும் பொருந்தியதால்.

ஆ: டெர்மிட்டோமைசஸ், ஹெய்மியையோடு ஒப்பிடத் தக்கது. பெயருக்கு நடுவே, ‘ஒப்பிடுக’ என்று பொருள்படும் ‘சி.எஃப்.’ குறியை வேண்டுமென்றே வைத்தோம். வெளிப்பண்புகள் அந்தப் பெயரைத் தாங்குகின்றன, டி.என்.ஏ. ஒப்பீடு சேராதவரை முழுப் பெயரை எழுதுவது பின்னால் வருபவரை வழிதவறச் செய்யும் என்பது என் முடிவு. இந்தக் குறியைப் போட்டதால் மாதிரியின் மதிப்பு குறைவதில்லை. எந்தச் சான்று இருக்கிறது, எது சேர வேண்டும் என்பதை அது திறந்து காட்டுகிறது.

ஈ: குளோரோஃபில்லம் மோலிப்டைட்டஸ், ஸ்போர் பதிவுத் தாளோடு. மாதிரிக்கு எடுத்தது போக மிச்சத்தை மாமியே குழிவெட்டிப் புதைத்தார்.

அருமனையிலோ கீரிப்பாறையிலோ வேறெங்கோ ஆ போன்ற வளையமுள்ள வெள்ளைக் கூண் வந்தால், ஒப்பிடுவதற்கு இவை வேண்டும்: மொட்டு, பாதி விரிந்தது, முழுதும் விரிந்தது என்று மூன்று பருவமும், அவற்றில் ஒன்று மட்டும் தோட்டம் வரை தொடரும் பொய்வேரோடு, நகத்தளவு தோட்டத்துண்டு, போர்வீரர் கறையான் சில, சாராயத்தில், பறித்த அன்றே எடுத்த ஸ்போர் பதிவு. குழியை மூடுமுன் பொய்வேரின் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படமும் எடுத்துவிடுங்கள். மற்ற குடைகள் அந்த இடத்திலேயே நின்று முதிரட்டும்.